நைஸ் மாப்பிள்ளை

பூஞ்சோலைக்கோட்டை ராஜா மருதப்ப பூபதிக்கு ஒன்று பிடித்தால் பைத்தியமாகப் பிடிக்கும். அந்தத் தடவை பிடித்தது ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை.

விருந்துக்கு வந்த வெள்ளைக்காரத் துரை யானையைப் பார்த்து "நைஸ்" என்றார். பாயசத்தைக் குடித்து "நைஸ்" என்றார். மழை வந்தது, அதற்கும் "நைஸ்"! ராஜா சொக்கிப்போனார்.

"அடடா! ஒரே வார்த்தையில் உலகத்தையே முடித்துவிட்டாரே! நாம்தான் அழகு, ருசி, குளிர்ச்சி என்று வாய் வலிக்கப் பேசுகிறோம். இன்று முதல் எது எப்படி என்று கேட்டாலும் 'நைஸ்'தான். வேறு வார்த்தை சொன்னவன் ஊரைவிட்டே போகணும்!"

அப்புறம் கேட்பானேன்! கருகிய தோசை நைஸ். நொண்டிக் குதிரை நைஸ். "வயிற்றுவலி எப்படி?" என்று வைத்தியர் கேட்க, தளபதி "நைஸ்" என்று முனக, குணமாகிவிட்டதாக்கும் என்று வைத்தியர் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டார்.

இந்தக் கூத்துக்கு நடுவே இளவரசி குமுதவல்லிக்குப் பக்கத்து நாட்டிலிருந்து வரன் வந்தது. பையனைப் பார்த்துவரும்படி சபை விதூஷகர் ஆதிமூலத்திடம் சொன்னார் ராஜா. ஒரே மகள். தன்னை யார் தலையில் கட்டப்போகிறார்களோ என்று அவள் அழுத அழுகை ராணிக்குத்தான் தெரியும்.

சில நாளில் ஆதிமூலம் சபைக்கு வந்து நின்றார்.

"வாரும், வாரும்! பையன் எப்படி?"

"நைஸ், மகாராஜா."

"பலே! குணம்?"

"நைஸ்."

"குடிப்பழக்கம்?"

"அதுவும் நைஸ்."

ராஜாவின் முகம் வெளுத்தது. "குடி எப்படியய்யா நைஸாகும்?"

"கருகிய தோசை ஆகவில்லையா, மகாராஜா?"

"கோபம் வந்தால் எப்படி?"

"ரொம்ப நைஸ்!"

திரைக்குப் பின்னால் ராணி விசும்புவது கேட்டது. ராஜா சிம்மாசனத்தை விட்டே எழுந்துவிட்டார்.

"என் பெண்ணின் வாழ்க்கையய்யா! நல்லவனா கெட்டவனா, தமிழில் சொல்லும்!"

"சொன்னால் ஊரைவிட்டுப் போகணுமே?"

"சட்டமாவது மண்ணாவது! இந்த நிமிஷமே ரத்து! இனி எவனாவது நைஸ் என்றால் உதை! இப்போது சொல்லும், பையன் எப்படி?"

ஆதிமூலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"யாருக்குத் தெரியும், மகாராஜா? நான் இன்னும் கிளம்பவே இல்லை. பார்த்துவிட்டு வந்து சொல்ல நாலு வார்த்தை வேணுமே, அதை வாங்கிக்கொண்டு போகத்தான் வந்தேன்!"

முதலில் திரைக்குப் பின்னாலிருந்து இளவரசி கலகலவென்று சிரித்தாள். ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவர் கையில் போட்டு, "முதலில் கிளம்புமய்யா!" என்றார்.