படம் எடுத்தல்

"ஓராண்டு முயன்றுவிட்டேன், தாயே. என் மனைவிக்கு என்னைத் தெரியவில்லை."

மலையடிவாரத்து மடத்தின் கூடத்தில் அமர்ந்து, திருமலைக்கொழுந்து இதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வயது எழுபதை நெருங்கியிருந்தது. நாற்பதாண்டுக் காலம் பள்ளியில் தமிழ் கற்பித்தவர்.

எதிரே இருந்த வல்லியம்மைக்கு அவர் வயதில் பாதிக்குச் சற்றே கூடுதலாக இருக்கும். ஒரு காலத்தில் அவரிடமே படித்தவர். இன்று ஊரார் அம்மையைக் குரு என்றார்கள்; தாயே என்று அழைத்தார்கள். வேறு போக்கிடம் இல்லாததால் கொழுந்தும் அப்படியே அழைத்தார்.

"தாயே என்பதெல்லாம் வேண்டாம், ஐயா. என் காதைத் திருகியவர் நீங்கள்."

"ஒருமுறைதான்."

"இருமுறை. சரி, ஆவுடையம்மாளை அழைத்து வரவில்லையா?"

"வெளியே நாவல் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்த்தியிருக்கிறேன். உள்ளே வர மாட்டேன் என்றாள்."

"ஓராண்டு என்ன செய்தீர்கள்?"

கொழுந்து கைப்பேசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மறதி நோய், அம்மா. முதலில் தெருவை மறந்தாள். பிறகு உடன்பிறந்தாள் பெயரை. கடைசியில் என் முகத்தை. ஆனால் என் பழைய முகம் ஏதோ ஒன்று அவளுக்குள் மிஞ்சியிருக்கும் அல்லவா? அது எந்த முகம் என்று தெரியவில்லை. ஆகவே நாள்தோறும் என்னை நானே ஒரு படம் எடுத்தேன். ஒருநாள் எடுத்ததுபோல் மறுநாள் எடுக்கவில்லை."

"எங்கே, பார்க்கலாம்."

அம்மை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். மாப்பிள்ளைத் தலைப்பாகையோடு கொழுந்து. மீசை ஒட்டிய கொழுந்து. பித்தளைக் குடத்தின் வயிற்றில் வளைந்து விழுந்த முகம். பாதிக் குடைக்குள் ஒளிந்த முகம். முன்பு பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் கட்டிய அரசன் வேடம்; கிரீடம் மட்டும் கொஞ்சம் பெரிதாகிவிட்டிருந்தது.

"முடிக்குச் சாயம்கூடப் போட்டீர்களா?"

"போட்டேன்."

"இதில் முகம் முழுக்க என்ன?"

"அரிசி மாவு. மணமான புதிதில் அடுக்களையில் மாவுச் சம்படத்தை என் தலையிலேயே கவிழ்த்துவிட்டாள். அன்றைக்கு முழுவதும் சிரித்தாள்."

"இதைக் காட்டியபோது?"

"அழுதாள்."

அம்மை கைப்பேசியைக் கீழே வைத்தார்.

"எப்படிக் காட்டுவீர்கள்?"

"காலையில் முற்றத்து நடுவில் உட்கார வைப்பேன். நாற்காலியைத்தான் நாள்தோறும் இழுத்துப் போட வேண்டியிருக்கிறது. வேலைக்கு வருகிற பேச்சி அதைச் சுவரோடு தள்ளிவிடுகிறாள். எத்தனை சொன்னாலும் கேட்பதில்லை. பிறகு எதிரில் நின்று படத்தைக் காட்டுவேன். இது யார், சொல் என்பேன். தெரியாது என்பாள். நன்றாகப் பார் என்பேன். கிட்டே கொண்டுபோய்க் காட்டுவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் மறுநாளைக்கு என்ன வேடம் என்று யோசிக்கத் தொடங்குவேன்."

அம்மை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஐயா, ஒரு கேள்வி. படம் எடுத்தல். எத்தனை பொருள்?"

கேட்டது வகுப்பறைக் குரலில். கொழுந்தின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"இரண்டு. ஒளிப்படம் எடுத்தல் ஒன்று. பாம்பு கழுத்தை விரித்து எழுந்து நிற்றல் மற்றொன்று."

"பாம்பு எப்போது படம் எடுக்கும்?"

"சினம் கொண்டால்."

"தவறு."

கொழுந்து யோசித்தார்.

"அஞ்சினால்."

"நீங்கள்?"

அவர் தோள் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"எங்களுக்குப் பிள்ளை இல்லை. கூடப் பிறந்தவர்களும் போய்விட்டார்கள். ஊரில் எல்லாருக்கும் நான் வாத்தியார். அத்தான் என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். அவளுக்கும் தெரியாது என்றால், அப்படி ஒருவன் இருந்ததற்கே சாட்சி இல்லை, அம்மா. அதற்கு அஞ்சினேன்."

அழுதுவிடுவோம் என்று எண்ணினார். அழுகை வரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"புரிந்தது. வருகிறேன்."

"உட்காருங்கள். பாதிக்குத்தான் விடை எழுதியிருக்கிறீர்கள்."

உட்கார்ந்தார்.

"படம் எடுத்த பாம்புக்கு எதிரே இருப்பவர் என்ன செய்வார்?"

விடை சொல்ல வாயைத் திறந்த கொழுந்துக்கு முற்றத்து நாற்காலி நினைவுக்கு வந்தது.

பேச்சி தன் மகளின் பேறுகாலத்துக்கு ஊருக்குப் போய் ஒரு மாதமாகிறது.

இன்று காலையும் நாற்காலி சுவரோடு ஒட்டித்தான் கிடந்தது.

அதன் கால்கள் தரையில் தேய்கிற ஓசை, கைப்பேசியை நீட்டிக்கொண்டு நின்ற ஒவ்வொரு காலையிலும் அவர் காதில் விழுந்திருந்தது. சிறிது சிறிதாக, பின்னால், பின்னால், இனிப் போக இடமில்லை என்னும்வரை.

அம்மை விடையை எதிர்பார்க்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்.

கைப்பேசி தரையில் கிடந்தது. கொழுந்து அதை எடுக்காமல் வெளியே வந்தார்.

நாவல் மரத்தடியில் ஆவுடையம்மாள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவர் இல்லை. கொழுந்து தொலைவிலேயே நின்றுகொண்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு நீங்க?"

ஓராண்டாக அவர் கேட்ட கேள்வி. பெயர் தொண்டை வரை வந்தது. அதன் பின்னாலேயே அத்தான் என்ற சொல்லும் வந்தது. இரண்டையும் விழுங்கினார்.

"வழியோடு போகிறவன், அம்மா."

மணமான நாளிலிருந்து அவளை அவர் அம்மா என்று அழைத்ததில்லை.

ஆவுடையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மரத்தடி நிழலைக் கையால் காட்டினாள்.

"எங்க அத்தான் இப்ப வந்துருவாக. தனியா இருக்கப் பயமா இருக்கு. அவுக வாரவரைக்கும் இங்கன இருங்க."

கொழுந்து தரையில் அமர்ந்தார்.

நாற்காலி நகரவில்லை.