பெலவேந்திரனின் இன்ஜினுக்காக மூவர் முக்குளித்த கதை

சிப்பிமுனை என்றொரு கடற்கரை ஊர். அங்கே புத்தியைத் தவிர மற்ற எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். அந்த ஊர் பெலவேந்திரனிடம் ஒரு ஃபைபர் படகு இருந்தது. அவருடைய மச்சினன்மார் கஸ்பாரும் சிலுவைமுத்தும் அவரோடு தொழிலுக்குப் போவார்கள்.

ஒருநாள் கடலில் போய்க்கொண்டிருக்கும்போதே இன்ஜின் கரகரவென்று இருமியது.

"கழட்டிப் பாருலே" என்றார் பெலவேந்திரன்.

கஸ்பார் கழட்டினான். அது தண்ணீருக்குள் முழுகி மறையும் வரைக்கும் பார்த்தான். சொன்ன இரண்டு வேலையையும் செய்தவனை எப்படித் திட்டுவது? துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தார்கள்.

இன்ஜின் இல்லாமல் மூன்று வீட்டிலும் உலை கொதிக்காது. கீழே போய் எடுக்கலாம் என்றால் மூவருக்கும் ஆழம் பழக்கமில்லை. பக்கத்து டவுனில் ஃபிலோமினா டீச்சர் காற்று சிலிண்டரை மாட்டிக்கொண்டு முக்குளிக்கும் ஸ்கூபா சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தார்கள்.

"குழாயை வாயில வெச்சா மூச்சை அடக்கவே கூடாது. விட்டுக்கிட்டே இருக்கணும்" என்பது டீச்சரின் முதல் பாடம்.

மறுநாள் காலை மூவரும் டீச்சர் கொடுத்தனுப்பிய சிலிண்டரை வீட்டிலேயே முதுகில் மாட்டி, குழாயை வாயில் கவ்வி, பஸ் ஏறினார்கள். எங்கே இறங்கணும் என்று கண்டக்டர் கேட்டதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் கடைசி ஸ்டாப்பில் இறக்கிவிட்டார். அங்கிருந்து நடந்து கடற்கரைக்கு வந்து சேர்ந்தபோது சிலிண்டர்கள் காலி.

"உங்களுக்கு மேல்வகுப்பு தேவைப்படுது" என்றார் டீச்சர். யாராக இருந்தாலும் அவர் அதைத்தான் சொல்வார். கீழ்வகுப்புக்கான சான்றிதழையும் கையோடு கொடுத்துவிட்டார். ஊரில் 'ஆழ்கடல் வேங்கைகளே வருக' என்று ஃபிளெக்ஸ் வைத்தார்கள். வேங்கைகள் இன்னும் நனையவில்லை.

மேல்வகுப்பில் நனைந்தார்கள். "மேலே வரும்போது அவசரம் கூடாது. நீங்க விட்ட குமிழியிலேயே ரொம்பச் சின்னதை முந்தாம வரணும்" என்று டீச்சர் சொல்லியிருந்தார். சிலுவைமுத்துவின் ரொம்பச் சின்னக் குமிழி அவன் சட்டைக் கையிலேயே ஒட்டிக்கொண்டது. அது கிளம்பட்டும் என்று அடியில் உட்கார்ந்துவிட்டான். டீச்சர் அவன் தலைமுடியைப் பிடித்துத்தான் மேலே கொண்டுவர வேண்டியிருந்தது.

"முந்த வெச்சுட்டாங்களே" என்று அவன் வருத்தப்பட்டான். அவனுக்கும் சான்றிதழ் கிடைத்தது.

அடுத்த தடவை இன்ஜின் விழுந்த இடத்துக்கே போய் முக்குளித்தார்கள். கஸ்பார் இன்ஜினைக் கண்டேவிட்டான். பூரித்துப்போய்ப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினான். பெருவிரலைத் தூக்கினால் மேலே போகணும் என்பது பாடம். எல்லோரும் மேலே வந்தார்கள்.

"எதுக்குலே மேலே வரச் சொன்னே?" என்றார் பெலவேந்திரன்.

"இன்ஜினைக் கண்டுட்டேன் அத்தான். சூப்பர்னு காட்டினேன்."

"எங்க இருக்கு?"

"கீழே."

"நாம எங்க இருக்கோம்?"

கஸ்பார் யோசித்தான். "மேலே" என்றான் சிலுவைமுத்து. மூவரில் படித்தவன் அவன்தான்.

மறுபடி கீழே போனார்கள். கஸ்பார் மறுபடி கண்டான். மறுபடி பூரித்தான். காற்று தீரும் வரைக்கும் இதே கதை.

கடைசியில் டீச்சரே தன் படகில் அவர்களை ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு பெரிய பையை எடுத்துக் காட்டினார். "இதுல காத்தை அடைச்சா, எதைக் கட்டினாலும் மேலே தூக்கிட்டு வந்துரும். நான் போய் இன்ஜின் பக்கத்துல நிக்கிறேன். பையைக் கீழே அனுப்புங்க." இவர்களைக் கூட்டிக்கொண்டு போவதைவிடத் தனியாகப் போவதே மேல் என்று குதித்துவிட்டார்.

"காத்தடைக்காத பை எதுக்கு ஆகும்?" என்றார் பெலவேந்திரன். படகில் மிச்சமிருந்த சிலிண்டரைத் திறந்து, பை புடைக்கும் வரை நிரப்பி, வாயைக் கட்டிக் கடலில் போட்டார்கள். அது மிதந்தது. கஸ்பார் ஒரு காலால் மிதித்தான். காலை எடுத்ததும் பை மறுபடி மிதந்தது.

"டீச்சர் கீழே காத்துக்கிட்டு இருப்பாங்க."

"கனமா எதையாவது கட்டினா இறங்கிரும் அத்தான்."

"கனமா என்ன இருக்கு?"

மூவரும் படகைச் சுற்றிப் பார்த்தார்கள்.

சற்று நேரத்தில் டீச்சர் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டினார். முகமூடியைக் கழற்றினார். படகின் பின்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"என் இன்ஜின் எங்கே?"

"கீழே அனுப்பியாச்சு" என்றார் பெலவேந்திரன் பொறுப்பாக. "கவலைப்படாதீங்க, மேலே தூக்குற பையிலதான் கட்டியிருக்கோம். கொஞ்சம் தள்ளி மிதங்க டீச்சர், வர்ற வேகத்துல உங்களை இடிச்சிரப் போகுது."