சுனை ஒழுங்குத் தீர்மானம்

காட்டின் நடுவில் ஒரு சுனை இருந்தது. கோடை வந்துவிட்டால் அங்கே மட்டும்தான் தண்ணீர். அதனால் சுனைக்கரையில் யாரும் யாரையும் வேட்டையாடக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. சிறுத்தைகூட அதை மீறியதில்லை.

அந்தக் காட்டில் மருதி என்ற சருகுமான் தன் குட்டியோடு வாழ்ந்து வந்தது. சருகுமான் முயல் அளவுதான் இருக்கும். பாவம், சுனைக்குப் போனாலே மருதிக்குத் திண்டாட்டம். எருமைகள் முண்டியடித்து இறங்கிக் கலக்கிவிடும். அதற்கு மிஞ்சுவது சேற்றுத் தண்ணீர்தான்.

அது தேர்தல் ஆண்டு. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே, சட்டத்தில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் அதையும் எல்லா மிருகங்களின் வாக்குக்கு விடுவது அந்தக் காட்டு வழக்கம். இந்த முறை சடையன் என்ற நரி ஒரு தீர்மானம் கொண்டுவந்தது.

"சுனை ஒழுங்குத் தீர்மானம்! சம்மதம் போடுங்கள்! இனி தள்ளுமுள்ளு கிடையாது! சின்னவர்களுக்குத் தனி நேரம்!" என்று சடையன் மரத்துக்கு மரம் நின்று கூவியது.

மருதிக்கு உச்சி குளிர்ந்துபோனது. "கண்ணு, இனிமே நீ தெளிஞ்ச தண்ணி குடிக்கலாம்!" என்று குட்டியை நக்கிக்கொடுத்தது.

வாக்கெடுப்பு நாளும் வந்தது. ஆலமரத்தடியில் தீர்மானத்துக்கென்று இரண்டு குழிகள். வலது குழி சம்மதத்துக்கு, இடது குழி மறுப்புக்கு. ஆளுக்கொரு நெல்லிக்காய் போட வேண்டும். கொம்பன் யானை காவல் நின்றது.

வரிசையில் நிற்கும்போது மருதிக்கு ஒரு யோசனை வந்தது. வாயிலிருந்த காயைத் தரையில் வைத்துவிட்டு, முன்னால் நின்ற முள்ளம்பன்றியிடம், "தனி நேரம்னாங்களே, அது எந்த நேரம்?" என்று கேட்டது.

"தெரியலையே! ஒழுங்குன்னா நல்லதுதானே!" என்று சொல்லிவிட்டு, முள்ளம்பன்றி தன் காயை வலது குழியில் போட்டுவிட்டுப் போனது.

மருதி தன் காயை எடுக்காமல் யானையை நிமிர்ந்து பார்த்தது. "கொம்பண்ணே, தீர்மானத்தை முழுசாச் சொல்லுங்க!"

"வரிசை நிக்குது! சீக்கிரம் போடு!" என்று சீறியது சடையன்.

"கேட்டால் சொல்லித்தான் ஆகணும்" என்றது யானை. "சின்ன மிருகங்கள் பொழுது சாய்ந்த பிறகே சுனைக்கு வரலாம். பொழுது சாய்ந்த பிறகு வேட்டைத் தடை செல்லாது. இவ்வளவுதான் தீர்மானம்."

புதருக்குள் சிறுத்தை நாக்கால் மீசையைத் தடவிக்கொண்டது.

"அதெல்லாம் சின்ன விஷயம்!" என்று இளித்தது சடையன்.

"என் குட்டி உனக்குச் சின்ன விஷயமா!"

மருதி தன் காயை இடது குழியில் போட்டது. ஆனால் அதற்குள் பாதிக் காடு வலது குழியில் போட்டுவிட்டதே! வரிசையின் கடைசிவரை ஓடி ஓடிச் சொன்னது.

எருமைகள் மட்டும் அசையவில்லை. "எங்களுக்கென்ன வந்தது? நாங்கதான் பெரியவங்களாச்சே!"

"உங்க கன்னு பெரியவங்க கணக்கா, சின்னவங்க கணக்கா?" என்று கேட்டது மருதி.

முன்னால் நின்ற எருமை, தன் காலடியில் நின்ற கன்றைக் குனிந்து பார்த்தது. பிறகு இடது குழியை நோக்கி நடந்தது. மந்தையும் அதன் பின்னாலேயே போனது.

மாலையில் யானை எண்ணி முடித்தது. "மறுப்புதான் கூட! தீர்மானம் தோற்றது!"

மருதி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. குட்டி வந்து அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. சடையன் போன இடம் தெரியவில்லை.

மறுநாள் சுனையில் அதே தள்ளுமுள்ளு, அதே சேறுதான். ஆனால் பட்டப்பகலில், எதிர்க்கரையில் சிறுத்தை தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, இந்தக் கரையில் மருதியின் குட்டி பயமில்லாமல் வயிறு முட்டக் குடித்தது.

ஒரு தீர்மானத்தின் பெயர் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வாக்களிக்க வேண்டும்.