மதகுச் சாவி

தணிகாசலத்தை ஆசிரமத்தில் எல்லோரும் ஓவர்சியர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷம் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து, ஓய்வு பெற்றபின் சீடராக வந்து சேர்ந்த மனிதர். குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். காலில் விழுந்தால் எழுந்திருக்க இன்னொருத்தர் கை கொடுக்க வேண்டும். அதற்காக விழாமல் இருந்ததில்லை.

குரு அவரை ஓர் ஏரி வேலைக்கு அனுப்பியிருந்தார். ஏரிக்குக் கீழே வடபாதி, தென்பாதி என்று இரண்டு ஊர். ஏரியை இரண்டு ஊருக்கும் பொதுவாக்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்பதுதான் உத்தரவு.

ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது ஓவர்சியர் முகத்தில் அப்படி ஒரு களை. இருக்காதா பின்னே! அளவெடுத்தது, தூர் வாரியது, கரையை உயர்த்தியது, இடிந்த மதகை எடுத்துவிட்டு இரும்புக் கதவு வைத்தது என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார். சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே முடித்துவிட்டாராம். ஏரி நிரம்பி, இரண்டு ஊரிலும் நடவும் ஆகிவிட்டதாம்.

வாய்தான் இதைப் பேசியது. மனசு முழுக்க அடுத்ததில் இருந்தது. மலையடிவாரத்தில் ஐந்து ஏரிகளை இணைக்கிற வேலை யாருக்கு என்று குரு இன்னும் சொல்லவில்லை. அது தனக்கு வந்தாக வேண்டும். இந்த வயதில் இதை விட்டால் இன்னொன்று எங்கே வரப்போகிறது?

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த குரு, அவர் இடுப்பைப் பார்த்தார்.

"அது என்ன சாவி?"

"மதகுச் சாவி, சாமி. காலையில நானே திறந்து, சாயங்காலம் நானே பூட்டிடுவேன். நாளைக்கு விடியறதுக்குள்ள போயாகணும்."

"ஒரு வாரம் இங்கேயே இருங்க."

குரு சொன்னால் சொன்னதுதான். ஓவர்சியர் இருந்தார். ஆனால் சோறு இறங்கவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார்.

ஆறாம் நாள் இரண்டு பேர் வந்தார்கள். வடபாதியிலிருந்து பச்சையம்மாள், தென்பாதியிலிருந்து ஏகாம்பரம். வந்தது ஒரே பஸ். இவள் முன்வாசலில் இறங்க, அவர் பின்வாசலில் இறங்கினார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை.

பச்சையம்மாள் நுனி காய்ந்த நாற்று ஒன்றைக் குருவின் முன்னால் வைத்தாள்.

"ஏரியில தண்ணி தளும்புது சாமி. கழனி வெடிச்சுக் கெடக்குது."

பூட்டை உடைத்திருக்கலாமே என்று குரு கேட்டார்.

"நாங்க உடைச்சா அவங்க வெட்ட வருவாங்க. அவங்க உடைச்சா நாங்க போவோம்."

ஏகாம்பரம் ஆமாம் என்று தலையாட்டினார். அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

ஓவர்சியருக்குப் பேச்சு தடுமாறியது. தண்ணீருக்கு முறை வைக்கலாம் என்று முதல் மாசமே இரண்டு ஊரையும் கூட்டிப் பார்த்தாராம். உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் நாற்காலி பறந்ததாம். இது ஆகிற காரியமில்லை என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டாராம். கடைசியில் பூட்டைப் போட்டுச் சாவியைத் தானே வைத்துக்கொண்டதும் ஊர் கப்சிப்பென்று அடங்கிவிட்டதாம். அந்த நாற்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு நாற்றும் அவர் கண் முன்னால் நட்டது.

"இந்த பஸ்லயே போய்த் திறந்துவிட்டுடறேன், சாமி."

குரு சரி என்றார்.

ஓவர்சியர் வாசல்வரை போனார். போனவர் நின்றார். கேட்க வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்காமல் போக முடியவில்லை.

"அந்த அஞ்சு ஏரி வேலை, சாமி?"

"மண்ணு வெட்ட ஊர்க்காரங்களுக்கே தெரியும், ஓவர்சியர். நான் அனுப்பின வேலையை நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."