ஊதா விரல் தடம்

ஆறாம் வார்டில் ஆபரேஷன் புண்கள் ஆறாமல் சீழ் பிடித்துக்கொண்டே இருந்தன. பெரிய டாக்டர் குலசேகரன், தரை துடைக்கும் சொர்ணக்கிளியைத்தான் திட்டினார்.

"கிருமியை யார் பரப்புறாங்கன்னு நாளைக்குள்ள கண்டுபிடி. இல்லைன்னா வேலையை விட்டுப் போ!"

தினமும் நாலு தடவை துடைப்பவளுக்கு எரிச்சல் தாங்கவில்லை. மறுநாள் காலையில் முதல் கட்டிலின் கம்பியில், புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தைத் தடவி வைத்தாள்.

டாக்டர் அந்தக் கம்பியைப் பிடித்தபடி முதல் நோயாளியைப் பார்த்தார். பிறகு வரிசையாக எல்லோருடைய புண்ணின் மேலுள்ள துணிக்கட்டையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். கடைசிக் கட்டிலருகே நின்று, "கண்டுபிடிச்சியா?" என்று அதட்டினார்.

"பிடிச்சுட்டேங்கய்யா. திரும்பிப் பாருங்க."

பன்னிரண்டு கட்டுகளிலும் ஊதா விரல் தடம். நர்சுகள் அவர் கையையே பார்த்தார்கள்.

"சோப்பு எங்கே?" என்று முனகினார் டாக்டர்.

"மூணு மாசத்துக்கு முன்னாடியே உங்களுக்குன்னு குழாயடியில வெச்சேங்கய்யா. இன்னும் உறையே பிரிக்கலை."