மறுவீட்டு ஓலை

செங்கழனி நாட்டை ஆண்ட கோளரி மழவராயருக்கு ஒரு கோடையில் தம் அந்தப்புரத்துத் தாமரைக்குளத்தை நிரப்ப ஆசை பிறந்தது. ஏரிக்கரையை வெட்டித் தண்ணீர் விடுமாறு ஏரிக்காவலர் வயிரவருக்கு ஆணை போயிற்று. வெட்டினால் நானூறு வேலி நெல்லும் கருகும். ஆகவே வயிரவர் அவைக்கு வந்து, "மறுக்கிறேன், அரசே" என்றார். தலை சொறியவில்லை, குரலும் தாழவில்லை.

மழவராயர் அச்சொல்லைத் தம் வாழ்நாளில் கேட்டதில்லை. அதற்கு என்ன பொருள் என்று அவைப்புலவர் ஆலாலசுந்தரத்திடம் வினவினார். முதுகெலும்பை வீட்டில் வைத்துவிட்டு அவைக்கு வருவது அப்புலவரின் வழக்கம்.

"மறு என்றால் களங்கம், அரசே. நிலவில் உண்டு, தங்களிடம் இல்லை. தங்கள் நாட்டில் மட்டும் அது எதற்கு?"

அன்று மாலையே பறை அறைந்தார்கள். "மறு" என்று தொடங்கும் எச்சொல்லையும் எவரும் சொல்லலாகாது, எழுதலாகாது. மீறினால் நாக்கு அறுபடும். சட்டம் பிறப்பதற்கு முன்பே சொன்னவர் என்றபோதிலும், முதல் நாக்கு வயிரவருடையது என்று முடிவாயிற்று. ஐந்தாம் நாள் குறித்தார்கள்.

அதற்குள் மன்னருக்கு மகள் நினைவு வந்துவிட்டது. நெடுங்கல் பாளையத்துக்கு மணமாகிப் போன மகளையும் மாப்பிள்ளையையும் மறுவீட்டுக்கு அழைக்கவேண்டும். முறைப்படி ஓலை அனுப்பச் சொல்லி, அரண்மனையில் ஓலை எழுதும் சேந்தனிடம் ஒப்படைத்தார்கள். சேந்தன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சட்டத்துக்குப் பணிந்து எழுதி அனுப்பினான்.

நான்காம் நாள் சம்பந்தியிடமிருந்து பதில் ஓலை வந்தது. தம் மகன் ஒழுக்கமுள்ளவன் என்றும், அவனுக்கு ஒரு வீடே போதும் என்றும், மாப்பிள்ளையை மாமனாரே இரண்டாம் வீட்டுக்கு அழைக்கும் வழக்கம் தங்கள் குலத்தில் இல்லை என்றும் அவர் எழுதியிருந்தார். மருமகள் இரண்டு வேளையாகச் சாப்பிடவில்லை என்பது கடைசி வரி.

மழவராயர் சேந்தனை இழுத்துவரச் சொன்னார்.

"என் மாப்பிள்ளையை இரண்டாம் வீட்டுக்கா அழைத்தாய்? மடையா, மறுவீடு என்று எழுத உனக்குத் தெரியாதா?"

அவையோர் கண்கள் மன்னரின் வாய்மீது திரும்பின. சேந்தன் பணிவாகக் கைகட்டி நின்றான்.

"நாளை வரிசையில் வயிரவர் முதலில் நிற்கிறார், அரசே. தங்களை அவருக்குப் பின்னால் நிறுத்துவதா? அல்லது மன்னருக்கே முதலிடம் என்பதுதான் மரபா?"

மழவராயரின் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது. பிறகு விரலிடுக்கு வழியாகச் சிரிப்பு கசிந்தது. ஆலாலசுந்தரம் முறைப்படி ஒரு கணம் பின்தங்கிச் சிரித்தார். சட்டம் அங்கேயே செத்தது. வயிரவர் நாக்கோடு வீடு திரும்பினார், கரை வெட்டப்படவில்லை.

மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றினார்.

"இதையாவது மறுக்காமல் வாங்கிக்கொள்வாயா?"

"அந்தச் சொல்லை மீட்டது ஏரிக்காவலரின் உபயோகத்துக்கு, அரசே. எனக்கு அதில் பங்கு வேண்டாம்" என்று சேந்தன் மாலைக்குக் கழுத்தை நீட்டினான்.