கடப்பாரையைத் திட்டியவர்

கரட்டுமேட்டில் ஒரு மடம். அங்கே கணக்கு மட்டும்தான் சொல்லித்தருவார்கள். குரு எழிலிக்கு வயது முப்பது. சீடர் நல்லசிவத்தின் மீசைக்கே அந்த வயது இருக்கும்.

அன்று அந்த மீசை துடிக்கத் துடிக்க வந்து நின்றார்.

"அம்மா, அந்தப் பொய்யாமொழி பெட்டியைக் கட்டிட்டான். இந்தப் பஸ்ஸுக்கே போறானாம். இனிமே வரமாட்டானாம்!"

"எதுக்காம்?"

நல்லசிவம் நடந்ததைச் சொன்னார். காலையில் குரு ஒரு கணக்கு எழுதிப்போட்டுவிட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். கடப்பாரையை அதன் முனையை அச்சாக வைத்துச் சுழற்றினால் நிலைமத் திருப்புத்திறன் எவ்வளவு? அதாவது, அது திரும்ப எவ்வளவு முரண்டு பிடிக்கும்? நல்லசிவம் கேள்வியைப் பாதிதான் படித்தார். அச்சை நடுவில் வைத்துப் போட்டுவிட்டார். கூடப் படிக்கும் பொய்யாமொழிக்கு அதைப்போல நாலு மடங்கு வந்தது. விடுவாரா இவர்? அவரைப் போலவே மூக்கால் பேசி, "நாழு மழங்குங்கய்யா" என்று நடித்துக் காட்ட, மடமே விழுந்து விழுந்து சிரித்தது. குரு திரும்பி வந்து விடையை எழுதினார். நாலு மடங்குதான்.

"மன்னிப்புக் கேட்டீங்களா?"

"கேட்டேங்கறேன்! ஊருக்கே கேக்கற மாதிரி கத்திக் கேட்டேன். திரும்பிக்கூடப் பாக்கலைம்மா. ஒரே தட்டுல தின்ன பய, என்ன திமிரு!"

குருவின் கையில் சாக்பீஸ் முறிந்தது. மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்து நல்லசிவத்தின் முன்னால் போட்டார்.

"நடுவுல பிடிச்சுச் சுத்துங்க."

சுலபமாகச் சுற்றினார்.

"முனையைப் பிடிச்சு."

பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினார்.

குரு ஒரு நீள மூங்கிலின் கடைசியில் கடப்பாரையைக் கட்டினார். "இப்ப மூங்கிலோட இந்த முனையிலேருந்து."

நல்லசிவம் முக்கினார். முதுகு நனைந்தது. கால் வழுக்கிச் சம்மணம் போட்ட மாதிரி விழுந்தார்.

"சனியனே, திரும்பித் தொலையேன்!" என்று கடப்பாரையை எட்டி உதைத்தார்.

"அதுக்கு எடை கூடிப்போச்சா?"

"எடை எங்க கூடுச்சு? அச்சு தள்ளிப்போச்சு! அதோட மையத்துலேருந்து எவ்வளவு தள்ளி நிக்கறமோ, அந்தத் தூரத்தை வர்க்கப்படுத்தி எடையால பெருக்கிக் கூட்டணும். இதுகூடத் தெரியாதா எனக்கு? அவன் திமிரைப் பத்திக் கேக்க வந்தா, கடப்பாரையைக் கட்டி வேடிக்கை காட்டறீங்களே!"

"மன்னிப்பு எங்கேருந்து கேட்டீங்க?"

"மாடியிலேருந்து."

"அவர் எங்க இருந்தார்?"

"கிணத்துமேட்டுல. பெட்டி மேல உக்காந்திருந்தான்."

"நடுவுல எவ்வளவு தூரம்?"

"இருக்கும், ஒரு நூறடி."

மேட்டுக்குக் கீழே பஸ் ஹார்ன் அடித்தது.

"வர்க்கப்படுத்துங்க" என்றார் குரு.